வீட்டுக் கணினிக்கு லினக்ஸ்: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அடுத்ததான விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய கணினி எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில் இப்படிப்பட்ட கணினிகள் ஏராளம். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனபோது ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. ஐடி நிறுவனங்கள் கழித்துவிட்ட லாட்டிட்யூட், திங்க்பேட் வகைகளைச் சுத்தம் செய்து விற்றவர்களிடம் கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கியவை. இவற்றில் பலவும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள். வன்பொருளில் ஒரு குறையும் இல்லாதவை.

இந்த வீடுகளுக்கு முன்னால் உள்ள வழிகள் சிலவே. புதுக் கணினி வாங்கலாம். 2026 அக்டோபர் 13 வரைக்குமான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து ஓராண்டு தள்ளிப்போடலாம். கட்டுப்பாட்டை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தரும் கடைக்காரரிடம் கொடுக்கலாம். அல்லது விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறலாம். கடைசி வழி நம் வட்டாரத்து வீடுகளுக்கு உண்மையிலேயே பொருந்துமா என்பதுதான் இங்கே கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மாற்றம் இன்று எளிது. அது நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது, ஏதாவது சிக்கினால் நடந்து போய்க் கேட்கும் தூரத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பது மட்டுமே. இது என் ஊகம் அல்ல. கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாடே இதை நடத்திப் பார்த்திருக்கிறது.

அந்த வரலாற்றின் தொடக்கப் புள்ளி ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் ஐந்தாறு நிலையம் தள்ளி இருக்கிறது. 2003 மே மாதம் புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேசிய அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இந்தியா திறந்த மூல மென்பொருளைப் பெரிய அளவில் கட்டியெழுப்ப வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். இரண்டே ஆண்டில், 2005இல், அவர் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதன் விளைவாக டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவான 'பாஸ்' லினக்ஸின் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. இந்திய மொழிகளுக்கென்றே இந்தியாவில் தொகுக்கப்பட்ட இயங்குதளம் நம் சென்னையில் பிறந்தது என்பதை எத்தனை புறநகர்வாசிகள் அறிவார்கள்?

அதே காலத்தில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கான கொள்முதலிலும் லினக்ஸைக் கொண்டுவந்தார். பாடநூல் இன்னும் முன்னால் போயிருந்தது. மேல்நிலைக் கணிப்பொறியியல் பாடத்தில் ஒரு தலைமுறை மாணவர்கள் மைக்ரோசாஃப்ட் வேர்டைப் படிக்கவில்லை. ஸ்டார் ஆபீஸைப் படித்தார்கள். 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் இடம்பெற்றன. விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸும் அதில் வந்தது.

பிறகு வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஒரு பத்தாண்டுக்குள் ஐம்பது லட்சம் மாணவர்களைத் தாண்டிச் சென்றது. முதல் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் பக்கம்பக்கமாக இருந்தன. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். உலகத்தில் வேறெங்காவது இத்தனை எளிய குடும்பங்களின் வீட்டுக்குள் அரசே லினக்ஸைக் கொண்டுபோய் வைத்திருக்குமா என்பது சந்தேகம். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோதும் தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது.

பாடநூலும் இருந்தது, இயங்குதளமும் இருந்தது, கணினியும் கைக்கே வந்தது. ஆனால் லினக்ஸ் வீட்டில் தங்கவில்லை.

ஏன் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் "கஷ்டம், பழக்கமில்லை" என்பது. எனக்கு அது போதவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு விண்டோஸும் அன்று புதிதுதான். அதைப் பழகிக்கொண்ட கைக்கு இதுவும் பழகியிருக்கும். நடந்தது வேறு. பாட்டு ஓடவில்லை, நெட் செட்டர் இணையவில்லை என்று முதல் சிக்கல் வந்தது. பிள்ளை பஜார் தெருவிலுள்ள சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனது. கடைக்காரருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ஃபார்மட் அடித்து விண்டோஸ் போடுவது. சில நூறு ரூபாய், ஒரு மணி நேரம். கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த ஆபீஸ், கூடவே போட்டோஷாப். லினக்ஸ் இருந்த பகுதி அப்போதே அழிந்தது. அந்தக் கடைக்காரர்மேல் குற்றமில்லை. வாடிக்கையாளர் கேட்டதைத்தான் அவர் செய்தார். லினக்ஸை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. "லினக்ஸுக்குக் காசு இல்லை" என்ற வாதம் மேலைநாட்டில் எடுபடும். நம் வீடுகளில் எடுபடாது. இங்கே விண்டோஸுக்குத் தனியாகக் காசு கொடுத்தவர்களே குறைவு. ஆகவே விலையை முன்னால் வைத்துப் பேசிய எல்லாப் பிரசாரமும் காற்றோடு போயிற்று. பேச வேண்டியது அந்தக் கிராக் பதிப்புகளின் உண்மையான விலையைப் பற்றி. அவற்றை இயக்கும் 'ஆக்டிவேட்டர்' கோப்புகள் வேலையைத் தொடங்கும் முன்பே வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கின்றன. எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரமும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் அப்பாவின் வங்கிக் கணக்கையும் அம்மாவின் நகைக்கடன் ரசீதையும் திறக்கிறோம். இது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம்.

நமக்குக் கிடைக்காதது கேரளத்துக்குக் கிடைத்தது. அங்கே 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிப் பாடத்தை முழுவதும் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. இன்று கைட் என்ற பெயரில் அது நடக்கிறது. அவர்கள் கொடுத்த இயங்குதளம் நம்முடையதைவிட உயர்ந்ததா என்றால் இல்லை. அதுவும் பாஸைப் போல வேறொரு லினக்ஸைத் தழுவியதுதான். வேறுபாடு ஆளில் இருந்தது. பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக இருந்தார். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள், செய்முறைத் தேர்வே லினக்ஸில் நடந்தது. 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றங்களையும் அமைத்தார்கள். வீட்டில் பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் மறுநாள் பள்ளியில் கேட்கலாம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததைப் பலர் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது நகராட்சி அரசியலும் அலுவலக நடைமுறையும் கலந்த கதை. வீட்டுக் கேள்விக்கு அதிலிருந்து பெரிதாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி இன்றைய நிலை. 2011க்கும் இப்போதைக்கும் நடுவே நடந்த பெரிய மாறுதல், வீட்டுக் கணினி வேலைகளில் பாதிக்கு மேல் பிரவுசருக்குள் போய்விட்டதுதான். மின்கட்டணம், வருமான வரிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ரயில் முன்பதிவு, வாட்ஸப் வெப், கூகுள் மீட் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோம் இருந்தால் முடிந்துவிடும். அந்தப் பிரவுசர் விண்டோஸில் ஓடுகிறதா, லினக்ஸில் ஓடுகிறதா என்பது வேலைக்குத் தெரியாது. ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. கடிதம், கணக்குத் தாள், செமினார் ஸ்லைடுகளுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். வேர்டில் செய்த சிக்கலான பக்க அமைப்பு மட்டும் சில நேரம் கலையும். வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது எப்படியும் நல்லது.

தமிழில் எழுதுவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் மாற்றம் நின்றுபோகும் இடம் இது. யூனிகோடில் எழுதுகிறவருக்குச் சிக்கலே இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு ஏற்பாட்டோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலியியல் முறை எல்லாம் கிடைக்கும். அரசுத் தேர்வு எழுதித் தட்டச்சு பழகியவர்களின் விரல் மாற வேண்டியதில்லை. ஆனால் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கோப்புகள் வைத்திருப்பவர்கள் வேறு வகை. 2010 ஜூனிலேயே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய குறியாக்கம் ஓயவில்லை. அந்த எழுத்துருவை லினக்ஸில் நிறுவினால் பழைய கோப்பைப் படிக்கலாம். ஆனால் அதில் எழுத உதவிய மென்பொருள் விண்டோஸுக்கானது. நான் சொல்வது: மாறுவதற்கு முன் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இது லினக்ஸுக்காக மட்டும் செய்ய வேண்டிய வேலை அல்ல. இன்னும் பத்து ஆண்டு கழித்து எந்தக் கணினியிலும் அவை தேடிக் கிடைக்க வேண்டுமானால் வேறு வழி கிடையாது.

அடுத்தது பிரிண்டர். எச்பி வகைகளுக்கு அந்த நிறுவனமே திறந்த மூலத்தில் டிரைவர் தருகிறது. எப்சனின் எல் வரிசை டேங்க் பிரிண்டர்களும் பெரும்பாலும் தொல்லையின்றி ஓடும். வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே தேவைப்படுவதில்லை. வம்பு பிடித்தது கேனான் எல்பிபி 2900. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் டியூஷன் வீடுகளிலும் ஆண்டுக்கணக்காக உழைக்கும் அந்த உறுதியான லேசர் பிரிண்டர், பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டும் வகை. அதற்குக் கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது. புதிய பதிப்புகளில் அதை ஓடவைக்கப் பழகியவர்களே திணறுவார்கள். வீட்டில் அந்த மாடல் இருந்து, தினமும் அச்சடிக்க வேண்டியிருந்தால், விண்டோஸை ஓர் ஓரமாக வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன்.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய மற்றவை இருக்கின்றன. டாலி விண்டோஸுக்கானது, வீட்டிலிருந்து கணக்கு எழுதிக் கொடுப்பவர் மாறக் கூடாது. ஒப்பந்ததாரர்களும் ஆடிட்டர்களும் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் அரசுத் தளத்தோடு அது ஒத்துப்போகும்வரை பொறுமை தேவைப்படும். வீட்டிலிருந்தே எழுதும் கண்காணிப்புத் தேர்வுகளுக்கான சேஃப் எக்ஸாம் பிரவுசர் லினக்ஸில் கிடையாது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் இதை முதலில் விசாரிக்க வேண்டும். அதே பிள்ளை வேலரன்ட் விளையாடுபவராக இருந்தால் அதுவும் ஓடாது. கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர் இங்க்ஸ்கேப்புக்கு வரலாம். கை பழக மாதங்கள் ஆகும், அச்சகம் கோரல் கோப்பையே கேட்கும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும் என்று சொல்லித் தருவது நேர்மையல்ல. மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் எந்த இயங்குதளமானாலும் நிமிர்ந்து உட்காரும். பத்துப் பதினைந்து டேப் திறந்த பிரவுசர் லினக்ஸிலும் ரேமைத் தின்னும். 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரைச் சூழலைத் தேர்ந்தெடுத்து, முடிந்தால் இன்னொரு 4 ஜிபியைச் சேர்ப்பது நல்லது.

எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு என் விடை லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகியவருக்கு மெனு, டாஸ்க்பார் எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். 2024 ஜூலையில் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பாஸ் லினக்ஸ் நம் ஊர்க்காரர்கள் செய்தது என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பிழைச் செய்தி வந்தால், மின்ட், உபுண்டு பயனர்களில் யாராவது அதைச் சந்தித்துத் தீர்த்திருப்பார்கள். பாஸுக்கு அப்படிப் பதில் சொல்லும் கூட்டம் சிறியது. இங்கேயும் ஆள்தான் கணக்கு.

செய்முறை நீளமானதல்ல. கோப்புகளை வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும்; இதைத் தவிர்க்கவே கூடாது. கணினியில் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஜிபி அளவுள்ள மின்ட் கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற கருவியால் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். டிஸ்க்கில் ஒன்றும் நிறுவாமல் வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் அந்த நிலையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். ஒரு மாலைப்பொழுதை இதற்கு முழுதாகக் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸில் திருத்த முடியாமல் போகும். நிறுவும் நேரத்தில் மின்சாரம் போகாமல் யுபிஎஸ் அல்லது நல்ல பேட்டரி இருக்கட்டும். கோடை மாலைகளில் நம் பகுதியில் இதை மறக்க முடியாது.

ஆக, மீண்டும் ஆளுக்கே வருகிறோம். நல்லவேளையாக, தென்சென்னைப் புறநகரில் இந்த விஷயத்தில் ஆட்பஞ்சம் இல்லை. 1990களின் இறுதியிலிருந்து இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. ஊரப்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த நாட்களிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு உருவாகிவிட்டது; 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தாலும் குழுவின் பெயர் மாறவில்லை. த. சீனிவாசன் முன்னின்று 2012இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸ், மென்பொருள் பாடங்களை எளிய தமிழில் இலவச மின்னூல்களாகவே கொடுத்துவருகிறது. தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அமைப்பு பொறியியல் கல்லூரிகளில் மாணவர் குழுக்களை வளர்த்தது. வண்டலூரிலும் பொத்தேரியிலும் பல்கலைக்கழக வளாகங்கள், வல்லாஞ்சேரியில் ஜோஹோ என்று லினக்ஸ் சர்வர்களோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் நம்மோடு அதே ரயிலில் வருகிறார்கள். அதே அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள்.

இவர்களுக்கும் சர்வீஸ் கடைக்காரருக்கும் நடுவே மட்டும் இன்னும் பாலமில்லை. 2011இல் தொடங்கி வீடுகளுக்கு வந்த அரசு மடிக்கணினிகளோடு போட்டியிட்டு வென்றவர் அவர்தான்; அவரை விட்டுவிட்டுச் செய்யும் எந்த முயற்சியும் பழையபடியே முடியும். பென் டிரைவில் மின்ட் எழுதுவது, பயாஸில் துவக்க வரிசையையும் செக்யூர் பூட்டையும் மாற்றுவது, பிரிண்டர் சேர்ப்பது, தமிழ்99 அமைப்பது: இவ்வளவு தெரிந்தால் வீட்டு வாடிக்கையாளரைக் கவனிக்க அவருக்குப் போதும். கல்லூரி மாணவர் குழு ஒன்று ஓரிரு வாரக் கடைசியில் இதைக் கற்றுக்கொடுத்துவிட முடியும். மென்பொருளுக்கு விலை இல்லை என்பதால் அவர் கூலியும் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. ஃபார்மட் அடிக்கக் கொடுக்கும் அதே தொகையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

நீட்டிப்புக் காலம் முடிவதற்குள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்போர் நலச் சங்கக் கூடத்திலோ கிளை நூலகத்திலோ ஒரு நிறுவல் விழா நடத்தலாம். லினக்ஸ் குழுக்களுக்கு இது பழகிய வடிவம்தான். பக்கத்துத் தெருக் கடைக்காரரையும் அழைத்து மாணவர்களுக்கு அருகில் உட்காரவைக்க வேண்டும். வருகிறவர்கள் மடிக்கணினியோடு சார்ஜர், கோப்புகளை நகலெடுத்து வைத்த ஹார்டு டிஸ்க், வீட்டுப் பிரிண்டரின் மாடல் எண் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் போதும்.